இணையவழி ஆராய்ச்சிப் பாடம்

அமெரிக்காவின் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1995-ஆம் ஆண்டு பேராசிரியர் பெர்னி டாட்ஜ் வகுத்த 'வெப்குவெஸ்ட்' என்னும் போதனா முறை, நம் சங்கங்களின் உறுப்பினர் கல்வி வகுப்புகளுக்கும் ஏற்றதெனக் கருதுகிறோம். இணையத்தில் தேடுக என்று மாணவரை அலையவிடுவதன்று இம்முறை. படிக்கவேண்டிய பக்கங்களை ஆசிரியரே முன்கூட்டித் தெரிந்தெடுத்துத் தருவார்; தேடுவதில் வீணாகும் பொழுது சிந்தனைக்கு மிஞ்சும்.

பாடத்தின் உயிர்நிலை வினாவே. "1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் பற்றி எழுதுக" என்றால் பார்த்தெழுதிவிடுவர். "கைத்தறிக்கு ஒதுக்கிய சேலையை விசைத்தறியில் நெய்து விற்கின்றனர்; நம் சங்கம் யாரிடம், எச்சான்றுடன் முறையிடுவது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் நெசவாளராகவும், ஒருவர் வியாபாரியாகவும், மற்றொருவர் அமலாக்க அதிகாரியாகவும் நின்று படிப்பர், வாதிப்பர், பின்னர் கூடி ஒரு மனு வரைவர். சட்டத்தின் பிரிவைச் சுட்டாத மனுவுக்கு மதிப்பெண் இல்லையென்பதைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடல் வேண்டும்.