பேய் யாரைக் கொல்கிறது? நிறவெறியைச் சாடும் திகில் படங்களைத் திரையிடுவோருக்கு

கறுப்பின அமெரிக்கர்கள் தங்கள் கோபத்தைச் சொல்லத் திகில் படத்தைக் கையில் எடுத்ததற்குக் காரணம் உண்டு. மேடையிலோ பத்திரிகையிலோ அதே கோபத்தைச் சொன்னால், ‘கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள்’ என்று அடக்கிவிடுவார்கள். திகில் படத்திடம் யாரும் நிதானத்தை எதிர்பார்ப்பதில்லை. கல்லூரியிலோ ஊரிலுள்ள திரைப்பட இயக்கத்திலோ இந்தப் படங்களைப் போட்டுப் பேச நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்.

செய்ய வேண்டியவை

1915-லிருந்து தொடங்குங்கள். அந்த ஆண்டு வெளிவந்த கிரிஃபித்தின் ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ கறுப்பர்களை அரக்கர்களாகவும், வெள்ளை இனவெறிக் கூட்டமான கு க்ளக்ஸ் கிளானை, காப்பாற்ற வரும் வீரர்களாகவும் காட்டியது. வெள்ளை மாளிகையிலேயே அது திரையிடப்பட்டது. ஒடுங்கிக் கிடந்த கிளான் அமைப்பு அதே ஆண்டில் மீண்டும் தொடங்கப்பட்டது. படத்தைப் போட வேண்டாம், இந்தச் செய்தியை இரண்டு நிமிடத்தில் சொன்னால் போதும். பின்னால் வந்த படங்கள் எதற்குப் பதில் சொல்கின்றன என்பது பார்ப்பவர்களுக்குப் புரியும்.

‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) படத்தைக் கடைசிச் சட்டகம் வரை ஓடவிடுங்கள். நடைபிணங்கள் சூழ்ந்த வீட்டில் இரவு முழுக்கப் போராடிப் பிழைப்பவன் பென் என்ற கறுப்பு இளைஞன். பொழுது விடிந்ததும் துப்பாக்கியோடு வரும் வெள்ளைக் கும்பல் அவனையும் நடைபிணம் என்று எண்ணி நெற்றியில் சுட்டுவிடுகிறது. கதை அங்கே முடிந்தாலும் கோபம் அதற்குப் பிறகுதான் வருகிறது. பெயர்கள் ஓடும்போது, அசையாத, புள்ளி புள்ளியான கறுப்பு வெள்ளைப் படங்கள் வருகின்றன. இறைச்சிக் கொக்கியோடு நிற்கும் ஆட்கள், இழுத்துச் செல்லப்படும் பென்னின் உடல், விறகுக் குவியல். கறுப்பர்களைக் கும்பல் சேர்ந்து கொன்றுவிட்டு அருகில் நின்று எடுத்துக்கொண்ட பழைய புகைப்படங்களை நினைவூட்டாமல் அவை விடாது. பென் கறுப்பன் என்று திரைக்கதையில் எழுதப்படவில்லை. தேர்வுக்கு வந்தவர்களில் டுவேன் ஜோன்ஸ் நன்றாக நடித்தார், அவ்வளவுதான் என்று இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ சொல்லியிருக்கிறார். முடித்த படத்தைக் காரில் நியூயார்க்குக்கு எடுத்துப் போன இரவில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டதாகவும் சொல்லியிருக்கிறார். எழுதியவர் நினைக்காத கோபத்தையும் அந்த ஆண்டு படத்துக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டது.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: பேய் யாரைக் கொல்கிறது? ‘கேண்டிமேன்’ (1992) படத்தின் பேய், வெள்ளைக்காரப் பெண்ணைக் காதலித்ததற்காகக் கை வெட்டப்பட்டு, தேனீக்களுக்கு இரையாக்கப்பட்ட கறுப்பின ஓவியன். அப்படிப்பட்டவன் சிகாகோவின் காப்ரினி கிரீன் குடியிருப்பில் ஏழைக் கறுப்பர்களையே ஏன் கொல்ல வேண்டும்? 2021-இல் நியா டாகோஸ்டா அதே கதையின் தொடர்ச்சியை எடுத்தபோது, முடிவில் பேயின் கொக்கி காவலர்கள் பக்கம் திரும்பியது. ரஸ்டி கண்டீஃப் இயக்கிய ‘டேல்ஸ் ஃப்ரம் தி ஹூட்’ (1995) இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் முதல் கதையில், வெள்ளைக் காவலர்களால் கொல்லப்பட்ட கறுப்பினத் தலைவர் கல்லறையிலிருந்து எழுந்து வந்து ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறார். எல்லாவற்றையும் பார்த்தும் வாய் திறக்காத கறுப்பினக் காவலரையும் அவர் சும்மா விடவில்லை. என் கணக்கில் இந்த வகையின் மிக நேர்மையான காட்சி அதுதான்.

சின்னப் பொருட்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஜோர்டன் பீலின் ‘கெட் அவுட்’டில் (2017) தேநீர்க் கோப்பையில் கரண்டி உரசும் சத்தம் ஒன்றே, வெள்ளைக்காரக் காதலியின் வீட்டுக்குப் போன கறுப்பு இளைஞன் கிறிஸ்ஸை அசையவிடாமல் கட்டிப்போடுகிறது. அவன் தப்பிப்பது எப்படி? கட்டி வைத்த நாற்காலியின் தோலைக் கீறி, உள்ளிருக்கும் பஞ்சைப் பிய்த்துக் காதில் அடைத்துக்கொள்கிறான். முன்னோர்களை அடிமைகளாக்கிப் பறிக்கவைத்த அதே பஞ்சு. இதைப் படம் வாய்விட்டுச் சொல்வதே இல்லை.

செய்யக்கூடாதவை

‘திகில் படம் போலத்தான், ஆனால் உண்மையில் சமூகப் படம்’ என்று அறிமுகம் செய்யாதீர்கள். திகில்தான் அதன் மொழி. கோல்டன் குளோப் விருதில் ‘கெட் அவுட்’ இசை, நகைச்சுவைப் பிரிவில் போட்டியிட்டபோது, இது ஆவணப்படம் என்று பீல் பதில் சொன்னார். பிறகு அசல் திரைக்கதைக்கான ஆஸ்கரை வென்றார். அந்தப் பிரிவில் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

சவுக்கடியும் சித்திரவதையும் இருந்தாலே கோபமான படம் என்று நம்பாதீர்கள். ‘ஆண்டிபெல்லம்’ (2020) இந்த இடத்தில்தான் சறுக்கியது. கறுப்பு உடல் துடிப்பதை நீளமாகக் காட்டுவது கோபம் ஆகாது.

மாற்று முடிவைப் பற்றிப் பேசாமல் கலையாதீர்கள். ‘கெட் அவுட்’டின் இறுதியில் காவல் விளக்கு சுழல்வதைப் பார்த்ததும், கிறிஸ் தொலைந்தான் என்றுதான் நினைக்கிறோம். வருவது அவன் நண்பன். ஆனால் பீல் முதலில் எடுத்த முடிவில் கிறிஸ் சிறைக்குப் போகிறான். நிராயுதபாணிக் கறுப்பர்கள் காவலர்களால் கொல்லப்படும் செய்திகள் வந்துகொண்டிருந்த காலத்தில், மக்களுக்கு ஒரு விடுதலை வேண்டும் என்று அவர் அதை மாற்றினார். எது சரி என்று அரங்கைக் கேளுங்கள், வாதம் சூடாகட்டும்.

முதல் ஐந்து நிமிடத்திலேயே ‘நம் ஊர் சாதி மாதிரி’ என்று தாவாதீர்கள். ஒப்பிடத்தான் வேண்டும், நம்மிடம் பேச நிறைய இருக்கிறது. ஆனால் அவர்கள் கதையை முழுதாகக் கேட்பதற்கு முன் நம் கதைக்கு வருவது, அவர்களை வாயடைக்கும் இன்னொரு வழி.

அரங்கில் யாராவது தோல் நிறத்தை வைத்துச் சிரித்தால் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள். கறுப்பு நிறத்தைக் கேலி செய்யும் நகைச்சுவைக் காட்சிகளைப் பார்த்தே நாம் வளர்ந்திருக்கிறோம். ‘கெட் அவுட்’ விருந்தினர்கள் கிறிஸ்ஸின் கையை அமுக்கிப் பார்க்கும் காட்சியில் எழும் சிரிப்பு எந்த வகை என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

செலவு அதிகம் என்று தயங்கவும் வேண்டாம். ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தின் பெயரை மாற்றியபோது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனதால், அமெரிக்காவில் அது பொதுச் சொத்தாகிவிட்டது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 96 நிமிடங்கள்தான். இந்த மாதமே போடுங்கள்.