விழுந்த கைக்கு வேலை கொடுங்கள்



பக்கவாதம் வந்து ஒருவருக்குக் கை விழுந்துவிட்டால், "இனி அவ்வளவுதான்" என்று அந்தக் கையை மடியில் கிடத்திவிடுகிறோம். எண்ணெய் போட்டு உருவிவிட்டு, மாதக்கணக்கில் கழித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருகிறவர்கள் உண்டு. அதற்குள் விரல்கள் உள்ளே மடங்கி இறுகிப் போகின்றன.

பக்கவாதத்தில் கெடுவது கை அல்ல, மூளை. இரத்தக் குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ கையை ஆட்டுவிக்கும் பகுதி சேதமாகிறது. ஆனால் மூளையின் நல்ல பகுதிகள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும். புதிதாகப் பால் வெட்டுகிறவருக்கு எத்தனை மரம் வெட்டிய பிறகு உளி கைக்குப் படிகிறது? அதே மாதிரிதான் இதுவும். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

இதற்கு உதவ இப்போது கருவிகளும் வந்திருக்கின்றன. சிங்கப்பூரில் சாங்கி பொது மருத்துவமனை, ரோபோ கருவிகளை மருத்துவத்துக்குப் பயன்படுத்த 2015இல் தனி மையமே தொடங்கியது. அதே ஊரின் தேசியப் பல்கலைக்கழகக் குழு 2016இல் 'எசோகுளோவ்' என்ற கையுறையை அறிவித்தது. அதில் இரும்புச் சட்டம் கிடையாது. விரல்களோடு சேர்ந்து மென்மையான காற்றுப்பைகள் இருக்கும். காற்று ஏறினால் பை வளையும், விரலும் கூடவே மடங்கும். நோயாளி விரலை அசைக்க முயலும்போது தசையில் எழும் மின்துடிப்பைக் கருவி உணர்ந்து உதவிக்கு வரும். கவனியுங்கள்: முதலில் நோயாளி முயல வேண்டும், பிறகுதான் கருவி.

கையுறை எல்லார் வீட்டுக்கும் வராது. பாடம் வரலாம். மருத்துவரையோ உடற்பயிற்சி சிகிச்சையாளரையோ கேட்டுக்கொண்டு இப்படிச் செய்யுங்கள்:

1. ஒவ்வொரு விரலையும் மெல்ல விரித்து மடக்குங்கள். நோயாளியும் கையைப் பார்த்தபடி தானே முயலட்டும். தினமும் பல தடவை செய்யுங்கள்.

2. அசைவு வந்ததும் துண்டு, குவளை என்று பிடித்து விடப் பழக்குங்கள்.

3. விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள் மூட்டு நழுவும். வலித்தால் நிறுத்துங்கள்.

இன்னொன்று. வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 999 அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டியது. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துச் சொல்லுங்கள். சோறு, தண்ணீர், மருந்து எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். கை விழாமல் காப்பது அதுதான்.