கோடையில் முட்டைக்கோழிகளுக்கு உயிர்ச்சத்து ‘சி’, ‘ஈ’

பங்குனி பிறந்து வெயில் ஏறியதும் நாமக்கல் வட்டாரக் கோழிப் பண்ணைகளில் ஒரே கவலைதான். முட்டை குறைகிறது, ஓடு மெலிகிறது, காலையில் நன்றாக இருந்த கோழி பிற்பகலில் சாய்ந்து விடுகிறது. நோய் என்று எண்ணி மருந்துக்கு அலைவோர் உண்டு. பல சமயம் இது தொற்று நோயல்ல, வெப்ப அயர்ச்சி.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பம் இயல்பாகவே சுமார் 41 டிகிரி சென்டிகிரேடு. கொட்டகை வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால், வாயைத் திறந்து இரைத்துத்தான் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அப்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறுவதால் இரத்தத்தில் காரத்தன்மை கூடி, ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் குறைந்து விடுகிறது. கிளிஞ்சலைக் கூட்டிப் போட்டால் மட்டும் இது சரியாகாது.

வெளியே தெரியாத சேதமும் உண்டு. வெப்ப அயர்ச்சியில் பிராணவாயுவிலிருந்து தோன்றும் தீவிரப் பொருள்கள் உயிரணுச் சவ்விலுள்ள கொழுப்பைத் தாக்குகின்றன. எண்ணெய் சிக்குப் பிடிப்பதைப் போன்ற மாற்றமே உயிருள்ள உடலிலும் நடக்கிறது. ஈரல் இதில் பெரிதும் பாதிக்கப்படுகிறது. மஞ்சள் கருவுக்கான புரதம் ஈரலில் தயாராகித்தான் சினைப்பைக்குப் போகிறது. ஈரல் பழுதுபட்டால் முட்டை குறையாமல் என்ன செய்யும்?

‘ஈ’ சத்து சவ்வின் கொழுப்பிலேயே தங்கி இத்தாக்குதலைத் தடுக்கிறது. அதில் செலவான ‘ஈ’ சத்தை மீட்டுத் தருவது ‘சி’. மனிதருக்கு இல்லாத வசதி ஒன்று கோழிக்கு உண்டு. ‘சி’ சத்தைத் தன் சிறுநீரகத்திலேயே அது தயாரித்துக் கொள்ளும். சாதாரண நாட்களில் அது போதும். கடும் கோடையில் போதாது. ‘ஈ’ சத்தோ தீனி வழியாகத்தான் வர வேண்டும். வெயிலில் கோழி தீனி எடுப்பதே குறைவு.

டன் தீனிக்கு 200 முதல் 250 கிராம் வரை ‘சி’ சத்தைக் கலக்கலாம். தண்ணீரில் தருவதானால் அவ்வப்போது புதிதாகக் கலந்து, சில மணி நேரத்தில் தீரும்படி வைக்க வேண்டும். செம்பும் இரும்பும் இச்சத்தை அழிக்கும். பிளாஸ்டிக் பாத்திரமே நல்லது. குளோரின் கலந்த நீரிலும் வீணாகும். ‘ஈ’ சத்தைக் கிலோ தீனிக்கு 250 மில்லிகிராம் வரை தந்து ஆய்வுகளில் பலன் கண்டுள்ளனர். ஆனால் விலை அதிகம். கால்நடை மருத்துவரைக் கலந்து அளவை முடிவு செய்வதே சிக்கனம்.

பலர் கவனிக்காதது தவிடு. எண்ணெய் எடுக்காத அரிசித் தவிடு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அதைச் சேர்த்தால் தீனியிலுள்ள ‘ஈ’ சத்தும் அழிந்து போகும். ஒரு கையால் போட்டு மறு கையால் எடுத்த கதைதான். எண்ணெய் எடுத்த தவிட்டில் இத்தொல்லை குறைவு. செலீனியம் ‘ஈ’ சத்துக்குத் துணை நிற்பது உண்மையே. ஆனால் அளவு மீறினால் நஞ்சு. தாது உப்புக் கலவையில் அது இருந்தால் தனியாகச் சேர்க்கக் கூடாது.

நிழல், காற்றோட்டம், குளிர்ந்த நீர் இல்லாத கொட்டகையில் எந்தச் சத்தும் கோழியைக் காப்பாற்றாது. நண்பகலில் தீனி வைக்காமல் விடியலிலும் மாலையிலும் வைப்பது நல்லது. உயிர்ச்சத்துகளை வெயில் உச்சிக்கு வந்த பிறகு அல்ல, மாசியிலேயே தொடங்க வேண்டும். கோடை மழை பெய்து குளிர்ந்த பிறகும் ஈரல் தேறச் சில வாரங்கள் ஆகும். அதுவரை நிறுத்த வேண்டாம்.