ஞானப்பாட்டு எழுதுகிறவர்களுக்கு



திருநாள் நெருங்கினால் கொடிக்கும் தேருக்கும் ஆயத்தம் நடப்பதுபோலவே, பாடற்குழுவில் புதுப்பாட்டுக்கும் ஆயத்தம் நடக்கிறது. ஒருவர் மெட்டைக் கொண்டுவருகிறார். இன்னொருவர் அந்த மெட்டுக்கு வார்த்தை எழுதுகிறார். காகிதத்தில் வாசிக்கையில் பாட்டு நன்றாகவே இருக்கிறது. கோவிலில் பாடுகையிலோ ஜனங்களின் வாயில் நிற்கமாட்டேன் என்கிறது. உடனே பாடகர்மேலும் ஆர்மோனியப் பெட்டியின்மேலும் பழிபோடுகிறோம். பெரும்பாலும் குற்றம் அவர்களிடத்தில் இல்லை. மெட்டு நீளுகிற இடத்தில் எழுத்து நீளவில்லை; எழுத்து நீளுகிற இடத்தில் மெட்டு ஓடிவிடுகிறது. இதுவே காரணம்.

பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணத்தைச் சற்றே நினைவுக்குக் கொண்டுவாருங்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை. இது பரீட்சைக்காக மாத்திரம் ஏற்பட்ட கணக்கு அல்ல. தமிழில் எழுத்தின் நீளம் மாறினால் சொல்லே மாறிவிடும். நெடிலை எவ்வளவு நீட்டினாலும் பொருள் கெடாது. குறிலை நீட்டினால் அது நெடிலாகிவிடும். பாட்டில் வேறொரு சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"வரம்" என்பதன் முதலெழுத்தை நீண்ட ஸ்வரத்தில் வையுங்கள். "வாரம் தாரும்" என்று ஆண்டவரைக் கேட்டவர்களாவோம். "உம் கரம்" என்பது "உம் காரம்" ஆகும். மிளகாய்க் கடையில் பாடவேண்டிய பாட்டு! "உமது தயை" என்று எழுதியதை ஜனங்கள் "உமது தாயை" என்று பாடுவார்கள். "பலன்" நீண்டால் "பாலன்". "மரி" நீண்டால் "மாரி". பெரியவர்களுக்குப் பொருள் தெரியுமாகையால் மனதிலே திருத்திக்கொள்வார்கள். ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளுக்கு அப்படியல்ல. அவர்கள் புத்தகத்தைப் பார்த்துப் பாடுவதில்லை. காதில் விழுந்ததையே வாயால் பாடுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு அந்தப் பாட்டுத்தான் செபம். எழுதினவருடைய அசதியினால் அது பொருளில்லாத செபமாய்ப் போகலாமா?

குறில் நெடில் வேற்றுமையில் நம்முடைய வீரமாமுனிவருக்கு இருந்த கவலையைத் தமிழர் எல்லாரும் அறிவார்கள். இத்தாலியாவிலிருந்து வந்த அந்தச் சேசுசபைக் குரு, எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் எழுத்தில் ஒன்றுபோலத் தோன்றி மயங்காதபடி தனித்தனி வடிவம் வழங்கச் செய்தவர் என்று போற்றப்படுகிறார். கண்ணுக்கு மயக்கம் வரக்கூடாதென்று அவர் பட்ட பாட்டைக் காதுக்காக நாம் படவேண்டாமா?

அடுத்தது அடியின் முடிவு. அங்கே மெட்டு நின்று நீளும். ஜனங்கள் மூச்சு வாங்குவார்கள். அவ்விடத்தில் "எனக்கு", "பாட்டு", "அன்பு" என்று குற்றியலுகரத்தில் முடிகிற சொல்லை வைத்தால், அரை மாத்திரையே ஒலிக்கவேண்டிய உகரத்தை நாலு அட்சரம் இழுக்கவேண்டியதாகும். "எனக்கூ" என்று கூப்பாடு போடுவதுபோல் இருக்கும். "ட்", "ற்" முதலிய வல்லின மெய்யில் குரல் நிற்கவே நிற்காது. "தேவா", "தாயே", "இயேசுவே" என்கிற விளிகளோ வாயை நன்றாய்த் திறந்து நிற்கும். பழைய கீர்த்தனைகளில் அடிதோறும் விளி வருவதற்குப் பக்தி ஒரு காரணமானால், பாடுகிறவனுடைய சௌகரியம் இன்னொரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. விளி கிடைக்காவிட்டால் "ம்", "ன்" என்று முடிகிற சொல்லாவது வைக்கலாம். அவை மூக்கில் ரீங்காரமாய் ஒலித்து அடங்கும்.

மெட்டு ஒரு சொல்லை எங்கே வெட்டுகிறது என்பதையும் கவனிக்கவேண்டும். "மறவாதே" நல்ல சொல்தான். மெட்டு "மற" என்றவுடன் நின்று, மூச்சுவிட்டு, பிறகு "வாதே" என்று தொடருமானால், மறந்துவிடும்படி ஆண்டவரிடத்தில் முதலில் கேட்டுவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்கிறோம்.

வெளிதேசத்து மெட்டுக்குத் தமிழ் எழுதுகிறவர்களுக்கு வேறொரு சங்கடம் உண்டு. கிறிஸ்துமஸ் காலத்தில் நாம் அறிந்த "அதேஸ்தே பிதேலெஸ்" என்கிற இலத்தீன் கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதலெழுத்து பலமான தட்டுக்கு முன்னாலேயே வந்துவிடும். இரண்டாவது அசையில்தான் தட்டு விழும். இலத்தீன் சொல்லின் அழுத்தமும் அங்கேயே இருப்பதால் பொருத்தமாயிருக்கிறது. தமிழிலோ சொல்லின் முதலெழுத்தே எடுப்பாய் ஒலிப்பது வழக்கம். "வானவர்" என்று அந்த மெட்டைத் தொடங்கினால் "வா" தட்டுக்கு வெளியே ஒதுங்கி நிற்க, "ன" என்கிற குறிலில் அடி விழும். "ஓ", "என்", "உம்", "நம்" என்று ஓரசைச் சொல் ஒன்றை முன்னே வைத்து, அதன்பின் பெரிய சொல்லைத் தொடங்குவதே இதற்குப் பரிகாரம்.

தேவநற்கருணை ஆசீர்வாதத்தில் பாடுகிற "தாந்தும் ஏர்கோ"வுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது 1264-ம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட தேவநற்கருணைத் திருநாளுக்காக அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் இயற்றிய கீதத்தின் கடைசி இரண்டு பாக்கள். எட்டு அசையும் ஏழு அசையுமாய் மாறிமாறி வரும். ஒவ்வோர் அடியும் பலமான அசையிலேயே தொடங்கும். தமிழ்ச் சொல்லின் நடையும் அதுவேயாகையால், அந்த அளவுள்ள மெட்டுகள் தமிழை எளிதில் ஏற்கும். புதிதாய் எழுதப் பழகுகிறவர்கள் இப்படிப்பட்ட மெட்டில் தொடங்குவது நல்லது.

வெளிதேசத்துப் பாட்டில் அடியின் கடைசியில் ஒலி ஒத்துவரும். அதைப் பார்த்து நம்மவர்களும் கடைசிச் சொல்லுக்காக அலைகிறார்கள். தமிழ்ப்பாட்டின் அழகு தலைப்பிலே இருக்கிறது. முதலெழுத்து ஒத்துவருவது மோனை. இரண்டாம் எழுத்து ஒத்துவருவது எதுகை. தட்டு விழுகிற இடத்தில் இவை வருவதால், அடுத்த அடி என்னவென்று ஞாபகம் தானே எடுத்துக்கொடுக்கும். புத்தகமில்லாத பாட்டிமார் இருபது சரணம் பாடுகிற இரகசியம் இதுவே. மாயூரம் முன்சீப்பாயிருந்த கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளை 1878-ல் வெளியிட்ட "சர்வ சமய சமரசக் கீர்த்தனை"யைப் படித்துப் பாருங்கள். பேச்சுத்தமிழுக்கு அருகான எளிய சொற்கள். ஆனாலும் எதுகை மோனை தவறுவதில்லை. சங்கீத வித்துவான்கள் அவற்றை மேடையில் பாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சினிமா மெட்டைப்பற்றி ஒரு வார்த்தை. அதில் வார்த்தை சுளுவாய் உட்காரும் என்பது மெய். முன்னமே வேறொருவர் தகுந்த வார்த்தையை அதில் உட்காரவைத்துவிட்டார் அல்லவா? நீங்கள் எதை எழுதினாலும் கேட்கிறவர் மனதில் பழைய வார்த்தையே ஓடும். நாடகக் கொட்டகையின் பாணி தேவாலயத்துக்கு ஆகாதென்று அர்ச். பத்தாம் பத்திநாதர், அர்ச். செசிலியம்மாள் திருநாளாகிய 1903 நவம்பர் 22-ல் எழுதியதை நாம் மறக்கக்கூடாது.

கடைசியாக, மெட்டுக்கு இசைந்தால்மட்டும் போதாது, வேதசத்தியத்துக்கும் இசையவேண்டும். பாடல் வார்த்தைகள் கத்தோலிக்கப் போதனைக்கு ஒத்திருக்கவும், முக்கியமாய் வேதாகமத்திலிருந்தும் வழிபாட்டு நூல்களிலிருந்தும் எடுக்கப்படவும் வேண்டுமென்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ல் வெளியிட்ட வழிபாட்டுச் சாசனம் சொல்லுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க, நாமே ஓர் அடி எழுதிப் பார்ப்போம்.

மாதா பாட்டு, எட்டு அட்சரம். முதல் ஸ்வரம் இரண்டு அட்சரம் நீளும். நடுவில் நாலு ஸ்வரம், ஒவ்வொன்றும் ஓர் அட்சரம். கடைசி ஸ்வரம் இரண்டு அட்சரம். "வரம் தரும் தாயே" என்று எழுதினோம். எண்ணிக்கை சரி. பாடினால் "வாரம் தரும் தாயே". "வரங்கள் தரும் தாயே" என்று மாற்றினோம். நீண்ட ஸ்வரத்தை இரண்டாக்கி, "வ" ஒன்று, "ரங்" ஒன்று என்று பாடலாம்; குறில் குறிலாகவே நின்றது. மெட்டுக்குக் குறையில்லை. சுவாமியாரிடம் காட்டினால் அவர் வேறொன்று கேட்பார்: வரப்பிரசாதத்தைத் தருகிறவர் சர்வேசுரன் அல்லவா? தேவமாதா நமக்காகத் தமது திருக்குமாரனிடத்தில் மன்றாடுகிறவர் அல்லவா?

மறுபடி காகிதத்தை எடுத்தோம். "வேண்டித் தரும் தாயே." "வேண்" என்கிற நெடில் முதல் இரண்டு அட்சரத்திலும் தாராளமாய் நீளுகிறது. "டித்", "த", "ரும்", "தா" ஆகிய நாலும் நாலு அட்சரத்தில் நடக்கின்றன. "யே" வாய் திறந்து நிற்கிறது. வேண்டுகிறவர் மாதா என்பதும் வெளிப்பட்டது. இனி இரண்டாம் அடி "வே" என்றோ "வீ" என்றோ தொடங்கட்டும். அதை நீங்கள் எழுதுங்கள். எழுதியதை ஆர்மோனியம் இல்லாமல், கையால் தாளம்போட்டு, வீட்டிலுள்ள சிறுபிள்ளைக்கு ஒருமுறை பாடிக்காட்டுங்கள். பிறகு அந்தப் பிள்ளையைப் பாடச்சொல்லி, என்ன சொல் வருகிறதென்று காதுகொடுத்துக் கேளுங்கள்.