சாசனத்துக்கு முந்திய உரிமை



1950-இல் அரசியல் சாசனம் வழங்கியிராவிட்டால் நமக்கு உயிர்வாழும் உரிமை ஏது என்று, விருத்தாசலம் பீங்கான் கல்லூரியிலிருந்து நீ எழுதிய வரி என்னை ஒரு வாரமாக வேறெதையும் படிக்கவிடவில்லை. படித்தவர்களே இதைச் சித்தாந்தமாகப் பேசித் திரிவதுதான் எனக்குத் தாளாத எரிச்சல். பிளாஸ்டர் அச்சில் களிமண் கரைசலை ஊற்றிப் பொம்மை எடுக்கிற நீ, களிமண்ணை அச்சுதான் பெற்றது என்பாயா?

நெருக்கடி நிலையின்போது, 1975 ஜூன் 27-இல் ஜனாதிபதி பிறப்பித்த உத்தரவு, உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21-ஆவது பிரிவைக் காட்டி நீதிமன்றம் செல்லும் வழியை அடைத்தது. விசாரணையின்றிச் சிறையிலிருந்தோரின் ஆட்கொணர்வு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, காவலர் ஒருவர் சொந்தப் பகையால் ஒருவனைக் கொன்றாலும் பரிகாரம் இல்லையா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார், நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்றே அட்டர்னி ஜெனரல் நிரேன் டே விடையளித்தார். உன் வாதத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனால் சேருமிடம் இதுதான், தம்பி! 1976 ஏப்ரல் 28-இல் நீதிபதிகள் நால்வர் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா ஒருவரே, அந்தப் பிரிவு மட்டுமே உயிருக்கும் சுதந்திரத்துக்கும் உறைவிடம் அன்று, அது இல்லாவிடினும் சட்டத்தின் அதிகாரமின்றி அரசு எவர் உயிரையும் பறிக்கலாகாது என்று எழுதினார். அடுத்த ஜனவரியில் தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டிச் சென்றது.

இவ்விடத்தில் எனக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வராமலிராது. கிரேக்க நாடகாசிரியர் சோபகிளிசின் அந்திகோனே அரசாணைக்கு மேலான தெய்வ நியதியைக் காட்டி வாதாடினாள்; அரசன் செவிசாய்க்கவில்லை. கண்ணகியோ பாண்டியன் தானே ஏற்றிருந்த தர்மத்தை அவன்முன் வைத்தாள். சிலம்பின் பரல் மாணிக்கமெனத் தெரிந்த கணத்தில் அவனே தன்னைக் குற்றவாளியென ஒப்பி உயிர்விட்டான். அந்த அவையில் எந்தப் பிரிவு இருந்தது?

உன் ஊரருகே கம்மாபுரம் காவல் நிலையத்துக்கு, 1993-இல் திருட்டுச் சந்தேகத்தின்பேரில் கொண்டுசெல்லப்பட்ட முதனை கிராமத்துக் குறவர் ஒருவர் மீளவில்லை. தப்பியோடிவிட்டார் என்றது காவல்துறை. அவர் மனைவிக்காக வழக்கறிஞர் சந்துரு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவை நடத்தினார். பல ஆண்டுகளுக்குப் பிறகேனும் காவலர்கள் தண்டனை பெற்றார்கள். நெருக்கடி நாளில் அந்தப் பெண் வந்திருந்தால், நிரேன் டேயின் விடைதான் அவளுக்கும் கிடைத்திருக்கும்.

2017-இல் தனியுரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நால்வர் தீர்ப்பைத் தவறென்று நீக்கியது. உயிரும் சுதந்திரமும் சாசனத்தின் படைப்பல்ல என்று அப்போது எழுதிய டி.ஒய். சந்திரசூட், நால்வரில் ஒருவரான ஒய்.வி. சந்திரசூட்டின் புதல்வர். இயற்கை உரிமைகளைப் பரிகசித்த ஆங்கிலத் தத்துவஞானி பெந்தமை நீ விரும்பியபடி படிக்கலாம், தடையில்லை. முதலில் கன்னாவின் தீர்ப்பை முழுவதும் படித்துவிட்டு எனக்கு எழுது.