கழுதைக்குட்டி பால்குடி மறக்கும் காலம்

அன்புள்ள தம்பிக்கு,

மன்னார் நகரத்து வீதியில் தாயின் விலாவோடு ஒட்டிக்கொண்டு போகும் கழுதைக்குட்டியைப் பார்த்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கலாமே என்று தோன்றுவது இயல்பு. அரபு வணிகர் கொண்டுவந்தவை என்று சொல்லப்படும் இந்தக் கழுதைகள் ஒரு காலத்தில் பொதி சுமந்தன. லொறிகள் வந்ததும் வேலை போயிற்று, சொந்தக்காரரும் விட்டுவிட்டனர். இன்று அவை குப்பையைக் கிளறிப் பிழைக்கின்றன. வாகனம் மோதி அடிபடுகின்றன. அவற்றுக்கென்றே பிரிட்ஜிங் லங்கா அமைப்பு மன்னாரில் ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கியது. ஆகவே இரக்கத்துக்கு இங்கே பஞ்சமில்லை. அவசரத்தைத்தான் குறைக்க வேண்டியிருக்கிறது. ஆறு மாதம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதே என்பதே என் கட்சி.

கழுதை ஏறத்தாழ ஒரு வருடம் சுமந்து, பெரும்பாலும் ஒரே குட்டியை ஈனுகிறது. மனிதக் குழந்தைக்குக் கருவிலேயே தாயின் நோயெதிர்ப்புச் சக்தி வந்துவிடும். கழுதைக்குட்டிக்கு அது கடும்புப்பால் வழியாகத்தான் வரவேண்டும். அதையும் பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குள்தான் குடல் உள்வாங்கும். பிறகு குட்டி தாயின் சாணத்தைக் கொறிப்பதைக் காண்பாய். அருவருத்து விரட்டாதே. நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அதன் வயிற்றில் குடியேறுவது அப்படித்தான்.

பிறந்து சில நாளிலேயே குட்டி புல்லைக் கடிக்கிறதே, பிறகு பால் எதற்கு என்று கேட்பாய். கடிப்பது தாயைப் பார்த்துப் பழகுவது. புல்லாலேயே உடம்பை வளர்ப்பதற்குப் பெருங்குடல் பக்குவப்பட மாதங்கள் வேண்டும். அதுவரை பசுப்பாலைப் புட்டியில் கொடுக்கலாம் என்பாரும் உண்டு. கழுதைப்பாலில் கொழுப்பு மிகக் குறைவு, இனிப்பு அதிகம். பசுப்பால் இதற்கு நேர்மாறு. அப்படியே கொடுத்தால் வயிற்றுப்போக்கில் போய் முடியலாம். தாய் உண்மையிலேயே செத்துப்போன குட்டிக்கு என்ன பால், எத்தனை வேளை என்பதை மிருக வைத்தியரே சொல்லட்டும். குட்டி தனியே நிற்பதைக் கண்டு அநாதை என்று முடிவுகட்டாமல், முதலில் எட்ட நின்று பார். தாய் அடுத்த ஒழுங்கையிலேயே மேய்ந்துகொண்டிருக்கலாம்.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு: மே தொடங்கிச் செப்டெம்பர் வரை மன்னார்த் தீவு காய்ந்து கிடக்க, எலும்பு தெரியும் தாயிடம் குட்டியை விட்டுவைப்பது கொடுமையல்லவா? கேள்வி நியாயமானது, ஆனால் குட்டியைப் பறிப்பது அதற்குப் பதில் ஆகாது. பாலூட்டும் தாய்க்கு முதலில் வேண்டியது தண்ணீர், பிறகு தீவனம். படலையடியில் ஒரு வாளி தண்ணீர் வைத்தால் இரண்டு உயிருக்கும் உதவும். குட்டியை இழந்த தாய் தீனியை விட்டுவிடலாம். அப்போது கழுதையின் உடம்பு சேமித்த கொழுப்பை அளவுக்கு மிஞ்சி இரத்தத்தில் கலக்கவிட, ஈரல் கெட்டுச் சில நாளில் சாகவும் கூடும். பால் கொடுக்கும் கழுதைக்கு இந்த ஆபத்து அதிகம். வீதி ஆபத்துக்குப் பயந்தாலும் தாயையும் குட்டியையும் சேர்த்தே வேலிக்குள் கொண்டுவா. இரண்டுக்கும் இடமில்லை என்றால் ஒன்றுக்கும் இடமில்லை.

ஆறு மாதம் கடந்து, குட்டி வைக்கோலையும் புல்லையும் நன்றாகத் தின்று உடம்பும் தேறியிருந்தால் மெல்லப் பிரிக்கத் தொடங்கலாம். முதலில் சிறிது நேரம் மட்டும் நடுவே ஒரு வேலி. ஒன்றையொன்று பார்க்கவும் முகரவும் முடியவேண்டும். குட்டியின் பக்கம் பழகிய வேறொரு கழுதை நிற்கட்டும். நேரத்தை நாளுக்கு நாள் கூட்டு. மழையில் நனைந்து நடுங்கும் நாளிலோ குட்டிக்குக் காயம் ஆறாத நாளிலோ இதைத் தொடங்காதே. பிரித்த பின் தாயின் மடி கட்டிப் புடைக்கும். பாவம் என்று கறந்துவிடத் தோன்றும். கறந்தால் பால் மேலும் சுரக்கும். சத்துத் தீவனத்தைக் குறைத்து மடியைச் சும்மா விட்டால் பால் தானாக வற்றும். மடி சுட்டாலோ தாய் தீனி எடுக்காவிட்டாலோ அன்றைக்கே வைத்தியரிடம் காட்டு.

அன்புடன்,
அண்ணன்