கயிறும் கூம்பும்: மதுரைக்காஞ்சி, மணிமேகலைக் கலமுறிவு உவமைகளும் பாய்மர நிலைக்கயிற்றுச் சோதனையும்

முனைவர் பட்ட ஆய்வாளர், தமிழ்த்துறை
(பாகாயம், வேலூர்)

ஆய்வுச்சுருக்கம்

மதுரைக்காஞ்சியும் மணிமேகலையும் மதயானைக்குப் புயலில் சிக்கிய கலத்தை உவமையாக்குகின்றன. இரண்டிலும் கயிறு, கூம்பு, இதை ஆகிய மூன்றும் அழிகின்றன. அழியும் வரிசை மட்டும் மாறுகிறது. இம்மாற்றத்தைச் சொல்லலங்கார வேறுபாடாகக் கொள்ளாமல், பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகள் பழுதுறும் முறையோடு ஒப்பிட்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். இன்றைய பாய்மரப் படகுகளில் தேய்வும் அரிமானமும் சோதிக்கப்படும் முறை இதற்குத் துணையாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கூம்பு, இதை, பிணி, நிலைக்கயிறு, அரிமானம், வினையெச்சம்.

1. முன்னுரை

பாய்மரக் கலத்தின் கயிறுகள் இருவகைப்படும். பாயை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் பயன்படுபவை ஒருவகை. பாயை ஏற்றும் ஆஞ்சானும், பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டும் தாமானும் இவ்வகையின. பாய்மரத்தை முன்னும் பின்னும் இருபக்கமும் இழுத்து நிறுத்தி, பயணம் முழுவதும் கட்டிய நிலையிலேயே இருப்பவை மற்றொரு வகை. இக்கட்டுரையில் முன்னவை இயங்குகயிறு எனவும், பின்னவை நிலைக்கயிறு எனவும் வழங்கப்படும். இன்று நிலைக்கயிறு பெரும்பாலும் எஃகுக் கம்பியால் ஆனது. எனினும் அதன் பணி மாறவில்லை.

இயங்குகயிறு அறுந்தால் பாய் வீணாகும். நிலைக்கயிறு அறுந்தால் பாய்மரமே சாயக்கூடும். நடுக்கடலில் பாய்மரம் இழந்த கலம் செல்திசையை இழக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டே இரு உவமைகளையும் அணுக வேண்டும்.

2. இரு உவமைகள்

மாங்குடி மருதனார் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகளால் ஆனது. அதில், பாகரைக் கொன்று, கட்டுத்தறியை நீங்கித் திரியும் யானைக்கு நெடுஞ்சுழியில் அகப்பட்ட நாவாய் உவமையாகிறது. அங்குக் கடுங்காற்று முதலில் இறுகக் கட்டிய வலிய கயிற்றை அறுக்கிறது; அடுத்து இதையைப் புடைக்கிறது; அதன்பின் கூம்பின் அடி முறியும்படி மோதுகிறது.

மணிமேகலையின் பளிக்கறை புக்க காதையில், புகார் நகரில் மதம்பட்டு ஓடிய காலவேகம் என்னும் யானைக்குத் திசையறியாது ஓடும் வங்கம் உவமையாகிறது. மீகான் நடுங்க, நடுவில் ஓங்கிய கூம்பு முதலில் அடியோடு முறிகிறது, பின்னர் இறுகிய பிணிப்பு அவிழ்கிறது, கயிறு அறுகிறது, கலத்தின் வயிறு பாழ்படுகிறது, இதை சிதைந்து ஒலிக்கிறது.

முன்னதில் கயிறு, இதை, கூம்பு. பின்னதில் கூம்பு, கயிறு, இதை. சாத்தனார் பழைய உவமையை அறிந்து வரிசையை மாற்றினார் என்று மட்டும் கூறி அமைவது போதாது. இரு வரிசைகளும் கலத்தில் நிகழக்கூடியவையா என்பதே நாம் எழுப்ப வேண்டிய வினா.

3. எச்சங்கள் உணர்த்துவன

மதுரைக்காஞ்சிப் பகுதியில் ‘அரீஇ’, ‘புடையூ’, ‘எற்றி’ என எச்சங்கள் அடுக்கி வருகின்றன. செய்து, செய்யூ என்னும் வாய்பாட்டு எச்சங்கள் முன்நிகழ்வை உணர்த்துவன. ஆகவே அவை நிற்கும் முறையையே நிகழ்முறையாகக் கொள்ளலாம். இச்செயல்கள் அனைத்திற்கும் வினைமுதல் காற்று. கலத்தின் உறுப்புகள் செயப்படுபொருளாக நிற்கின்றன.

மணிமேகலைப் பகுதியில் ‘முறிய’, ‘பரிய’, ‘ஆர்ப்ப’ எனச் செயவென் எச்சங்கள் மிகுகின்றன. இவ்வெச்சம் காரணத்தையும் காரியத்தையும் உடனிகழ்ச்சியையும் உணர்த்த வல்லது. இங்குக் கூம்பும் பிணியும் கயிறும் இதையும் தத்தம் வினைக்குத் தாமே வினைமுதலாகின்றன. காற்று உவமையின் இறுதியில்தான் வெளிப்படுகிறது. மதுரைக்காஞ்சி புறத்தாக்குதலைக் காட்டுகிறது. மணிமேகலை கலத்தின் உள்முறிவைக் காட்டுகிறது.

4. நிலைக்கயிறு பழுதுறும் முறை

நிலைக்கயிறு இழுவிசையைத் தாங்குகிறது. அவ்விழுவிசை பாய்மரத்தை அதன் அடியை நோக்கி அழுத்துகிறது. கயிறு இழுக்க, மரம் எதிர்த்து நிற்பதால் இரண்டும் ஒன்றையொன்று காக்கின்றன. காற்று வீசும் பக்கத்துக் கயிறு அறுந்தால் மரம் மறுபக்கம் வளைந்து முறியும். இது மதுரைக்காஞ்சி வரிசை. மாறாக, மரத்தின் அடி முதலில் சிதைந்தால் எதிர்த்து நிற்கும் விசை நீங்கி, எல்லாக் கயிறுகளும் ஒருங்கே இறுக்கம் இழக்கும். சாயும் மரத்தின் சுமை திடீரென விழும்போது சில கயிறுகள் அறும். இது மணிமேகலை வரிசை. ‘வீங்கு’ என்னும் அடை இறுக்கத்தைக் குறிக்க, ‘அவிழ்தல்’ அவ்விறுக்கம் நீங்குதலைக் குறிக்கிறது. எனவே இரண்டும் நிகழக்கூடிய இருவேறு முறிவுகளே.

இன்றைய பாய்மரப் படகில் பரவலாகப் பயன்படும் நிலைக்கம்பி 19 இழைகளால் முறுக்கப்பட்டது: நடுவில் 1, அதனைச் சுற்றி 6, வெளியில் 12. கடற்பயன்பாட்டிற்கு ஏற்ற 316 வகைத் துருவேறா எஃகில் 16 முதல் 18 விழுக்காடு குரோமியமும், 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினமும் உள்ளன. குரோமியம் உயிர்வளியோடு சேர்ந்து எஃகின்மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. உப்பின் குளோரைடு அப்படலத்தைத் துளைக்கிறது. காற்றுப் புகாத இடுக்குகளில் உயிர்வளி குறைவதால் சிதைந்த படலம் மீண்டும் உருவாவதில்லை. அதனால் வெளியில் பளபளக்கும் உறுப்பு உள்ளே குழிவிழுந்து நிற்கலாம்.

குளோரைடின் செயலை அறியக் கடற்கரைக்குச் செல்ல வேண்டியதில்லை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத் தோல் தொழிலில் பச்சைத்தோல் உப்பிட்டே காக்கப்படுகிறது. அவ்வுப்பைக் கழுவும் நீர் படும் இரும்பு விரைவில் அரிக்கப்படுகிறது. எஃகைக் காக்கும் அதே குரோமியம், உப்பு வடிவில் தோலைப் பதனிடவும் பயன்படுகிறது. கயிறு மரத்தோடு உராயும் இடங்களில் தோலைச் சுற்றித் தைப்பது பாய்மரக் கலங்களில் நெடுங்காலமாக உள்ள காப்புமுறை என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

சோதனை கலத்தின் தளத்திலிருந்து தொடங்கி மேலேறும். முதலில், கம்பியின் விசையைக் கலத்தின் உடலுக்குக் கடத்தும் செயின்பிளேட் என்னும் உலோகப் பட்டை பார்க்கப்படும். அது தளத்தைத் துளைத்துச் செல்லும் மறைவிடத்தில் நீர் தேங்குவதால், தேவைப்படின் கழற்றியே பார்க்க வேண்டும். அடுத்து, இறுக்கத்தைச் சரிசெய்யும் டர்ன்பக்கிள், அதன் மரைகள், ஊசிகள், அவை கழலாமல் தடுக்கும் காட்டர் பின்கள் ஆகியவை பார்க்கப்படும். பின்னர்க் கம்பியின் முனையைக் கவ்விய உலோகக் குழல். இதில் நீளவாட்டில் செல்லும் மயிரிழை வெடிப்பும், வளைவும், உள்ளிருந்து வழியும் துருக்கறையும் அபாயக் குறிகள். கீழ்முனைக் குழலின் வாய் மேல்நோக்கி இருப்பதால் உப்புநீர் கம்பிவழி இறங்கி அதில் தங்கும். ஆகவே மேல்முனையைவிடக் கீழ்முனை விரைவில் பழுதுறும்.

கம்பியின் நடுப்பகுதியை வெறுங்கையால் தடவலாகாது. துணியால் தடவினால் முறிந்த இழை துணியில் மாட்டும். ஓரிழை முறிந்திருந்தாலும் அக்கம்பியை மாற்றுவதே முறை; ஓரிழையை முறித்த காரணம் ஏனைய இழைகளிலும் செயற்பட்டிருக்கும். பாய்மரத்தில் ஏறி, குறுக்குத் தாங்கிகளின் நுனியும் உச்சிப் பிணைப்பும் பார்க்கப்படும். அலுமினிய மரத்தில் எஃகு உறுப்பு பொருந்தும் இடத்தில் உப்புநீர் பட்டால் அலுமினியம் அரிக்கப்படும். வெண்பொடியும் வண்ணக் கொப்புளமும் அதன் அடையாளங்கள். ஐயத்திற்குரிய இடத்தில் பத்து மடங்கு பெரிதாக்கும் ஆடியும், வெடிப்பினுள் ஊடுருவும் சாயமும் உதவும். கண்ணுக்குப் பழுது தெரியாவிடினும் 10 முதல் 15 ஆண்டுகளில் கம்பிகளை மாற்றுவது பரவலான வழக்கம்.

5. பிணி, முதல், கால்

சோதனையில் மிகுந்த கவனம் பெறும் இடங்கள் முனைகளும் இணைப்புகளுமே. இரு உவமைகளும் சுட்டும் இடங்களும் இவையே. கூம்பின் ‘முதல்’ இரண்டிலும் வருகிறது. ‘பிணி’ இரண்டிலும் வருகிறது. மணிமேகலையில் கயிற்றை அடுத்துக் ‘கால்’ என்னும் சொல் நிற்கிறது. இதனைக் காற்று எனக் கொள்ளலாம். அதே உவமையின் இறுதியில் இச்சொல் அப்பொருளில் வருவது இதற்குச் சான்று. ஆயினும் கூம்புக்கு ‘முதல்’ போலக் கயிற்றுக்குக் ‘கால்’ எனக் கொண்டு, கயிறு அடிமுனையில் அறுந்தது எனவும் பொருள்கொள்ள இடமுண்டு. உறுப்புகளையே வினைமுதலாக்கிச் செல்லும் அப்பகுதியின் தொடரமைப்பிற்கு இப்பொருளே இயைகிறது. கயிறு பழுதுறும் இயல்பும் இதற்குத் துணையாகிறது.

இக்கயிறு பாயைக் கட்டிய கயிறாகலாம் என்னும் மறுப்பும் எழலாம். ஆனால் பயணத்தின்போது நெகிழ்த்தவும் இழுக்கவும் படும் இயங்குகயிற்றைவிட, எப்போதும் இறுகியே நிற்கும் நிலைக்கயிற்றிற்கே ‘வீங்கு’ என்னும் அடை மிகப் பொருந்தும். கயிற்றின் அழிவும் கூம்பின் அழிவும் இரு உவமைகளிலும் தொடர்ந்து வருவதும் இதனை வலியுறுத்தும்.

‘அரீஇ’ என்பதன் பகுதி அரி. அறுத்தலையும், சிறிது சிறிதாகத் தின்னுதலையும் உணர்த்தும் இவ்வடியே இன்றைய கலைச்சொல்லான அரிமானத்திலும் உள்ளது. மதுரைக்காஞ்சியில் அறுத்தலே பொருள். உலோக அரிமானத்தை அங்குக் காண முயல்வது பிழையாகும். எனினும் அறுவதும் அரிக்கப்படுவதும் ஒரே சொல்லடியில் நிற்பது கலைச்சொல்லாக்கத்தில் கருதத்தக்கது.

6. முடிவுரை

2018 செப்டம்பர் 21 அன்று, தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டியில் சென்ற இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் ‘துரியா’ தென் இந்தியப் பெருங்கடல் புயலில் கவிழ்ந்தெழுந்து பாய்மரத்தை இழந்தது. முதுகில் படுகாயமுற்ற அவரைச் செப்டம்பர் 24 அன்று ‘ஒசிரிஸ்’ என்னும் பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. அது மதுரைக்காஞ்சி காட்டும் வகையைச் சேர்ந்தது; பெருங்காற்றின் முன் எச்சோதனையும் முழுக்காப்பு ஆகாது. 2024 அக்டோபர் 2 முதல் 2025 மே 29 வரை ‘தாரிணி’ படகில் உலகைச் சுற்றிவந்த கடற்படை அதிகாரிகள் தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் போல, இருவராகவே நெடுங்கடல் செல்வோர் கம்பியையும் இணைப்பையும் தாமே தொடர்ந்து கண்காணிக்க வேண்டியவர்கள். அவர்கள் தடுக்கக்கூடியது மணிமேகலை காட்டும் உள்முறிவையே.

இதனால் பெறப்படுவன: இரு உவமைகளின் வரிசை வேறுபாடு பொருளுடையது, எச்ச வடிவங்களும் வினைமுதல்களும் அதற்கு அகச்சான்று, கூம்பு, இதை, பிணி ஆகியவை இன்றைய பாய்மரவியல் கலைச்சொற்களாக மீளப் பயன்படத்தக்கவை. குறிப்பாக, கயிற்றையும் கலத்தையும் இணைக்கும் உறுப்புகள் அனைத்திற்கும் பொதுச்சொல்லாகப் ‘பிணி’ அமையலாம். வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்டு 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த ‘அன்னபூரணி’ போன்ற கலங்களை இயக்கிய கரையோர மக்களிடம் நிலைக்கயிற்றுக்கு வழங்கிய பெயர்களைத் திரட்டுவது இவ்வாய்வின் அடுத்த படி. அப்பெயர்களை அறிந்த முதியோர் இருக்கும்போதே அப்பணி நிகழ வேண்டும்.